நம்மவர் எத்தனை பேர்?

1991-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் பிற்பகல், சுங்கை பூலோ கம்போங் பாருவில் இருந்த பிரைட் ஸ்பார்க்லர்ஸ் என்னும் வாணவெடித் தொழிற்சாலை வெடித்துச் சிதறிற்று. 26 உயிர்கள் மாண்டன. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அக்கம்பக்கத்து வீடுகள் பலவும் சேதமுற்றன. அதனை அடுத்த நாள்களில் இவ்வட்டாரத்து ஒட்டுக்கடைகளில் காலைத் தேநீருக்கு வந்தவர் கைகளில் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்னும் நான்கு மொழிப் பத்திரிகைகளும் இருந்தன. எவர் எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் அவர் கண் முதலில் தேடியது ஒன்றையே. மாண்டவர் பெயர்கள் எங்கே அச்சாகியுள்ளன என்று பார்ப்பார்; அவற்றின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழாக ஓட்டுவார்; சில பெயர்களில் விரல் நிற்கும், சில பெயர்களில் நில்லாது ஓடும். விரல் அடிவரை சென்றபின் பக்கத்தில் இருப்பவர் கேட்பார்: “நம்மாளுங்க எத்தனை பேரு?”

அக்கேள்வியைத் தமிழர் மட்டும் கேட்டாரல்லர். அடுத்த மேசையில் சீனர் சீனத்தில் கேட்டார். அதற்கடுத்த மேசையில் மலாய்க்காரர் மலாயில் கேட்டார். நானும் கேட்டேன். அன்று அதில் குற்றமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்றும் அது முழுக் குற்றமென்று கூறத் துணியேன். ஆயினும், பல மொழிகள் வழங்கும் ஒரு நாட்டில் பத்திரிகைகள் எழுதப்படுவதும் விற்கப்படுவதும் படிக்கப்படுவதும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடைபெறுகின்றன என்பதை ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்டேன். 26 என்னும் அந்த எண்ணை இங்கே இனவாரியாகப் பிரித்துக் காட்ட நான் விரும்பவில்லை. பிரிக்கத் துடிக்கும் அந்த விரலைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

முதற்கண் அவ்விரலின் பக்கம் நின்று வழக்காடுவோம். பட்டியலில் தன் தங்கை மகளின் பெயர் உண்டா என்று தேடுகிறவனை நோக்கி, “எல்லா உயிரும் சமமல்லவா, ஏன் ஒரு பெயரை மட்டும் தேடுகிறாய்?” என்று உபதேசம் செய்பவன் மனிதத் தன்மை அற்றவன். குடும்பத்திற்கு உண்டான இந்நியாயம் சமூகத்திற்கும் ஓரளவு உண்டு. நம் முன்னோர் இந்நாட்டுத் தோட்டங்களில் காய்ச்சலாலும் பாம்பாலும் பட்டினியாலும் இறந்த காலத்தில், அவர்களுடைய சாவு துரையின் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணாகக் குறைந்ததேயன்றி, எந்த ஆங்கிலப் பத்திரிகையிலும் பெயராக ஏறவில்லை. பெயராக ஏற்றுவதற்கு நமக்கென்று ஓர் ஏடு வேண்டியிருந்தது. 1924-இல் நரசிம்ம அய்யங்கார் கோலாலம்பூரில் ‘தமிழ் நேச’னைத் தொடங்கினார். 1929-இல் சிங்கப்பூரில் ‘முன்னேற்றம்’ என்னும் சீர்திருத்த வார ஏடு தோன்றிற்று. 1935-இல் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் முர’சை வெளிக்கொணர்ந்தார். லயத்தில் எழுத்தறிந்தவன் ஒருவன் உரக்க வாசிக்க, பத்துப்பேர் திண்ணையில் குந்தியிருந்து கேட்ட காலம் அது. அந்தப் பதின்மரும் ஒரு மாத ஏட்டுக்கும் சந்தா கட்டாதவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் வாசகரே. “நம்மவர் எத்தனை பேர்?” என்று கேட்க அன்று வேறு நாதி இல்லை. கேட்டதனாலேயே கூலிகள் என்ற பெயர் போய்த் தொழிலாளர் என்ற பெயர் வந்தது. ஆகையால், தாய்மொழிப் பத்திரிகை வகுப்புவாதம் வளர்க்கும் கருவியென்று மேடையில் பேசி, ஆங்கில ஏட்டை மடித்து வைத்துக்கொள்ளும் பட்டணத்துக் கனவான்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி, அந்த ஏடுகள் நமக்கு மிகப் பெரிய உதவி செய்த ஒரு நேரத்தைப் பார்ப்போம். அந்த உதவி எத்தகையது என்பதை நாம் சரியாக எண்ணிப் பார்த்ததில்லையென்பது என் அபிப்பிராயம்.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அதனை நடத்திற்று. அதன் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் ‘தமிழ் நேச’னில் துணையாசிரியராக இருந்தவர், அதாவது பேனா பிடித்த கை. அவர்கள் கேட்டவை என்ன? வாய்க்கு வந்தபடி ஏசும் கிராணிகளையும் மண்டோர்களையும் நீக்க வேண்டுமென்றனர். பிள்ளைகளுக்குப் படிப்பும் நோயாளிக்கு மருந்தும் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூட வேண்டுமென்றனர். குடித்துக் கெட்டவர்களே இதனைக் கேட்டார்கள் என்பதை நம் சீர்திருத்தக்காரர்கள் மறவாதிருப்பார்களாக. துரை எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் இழிவு ஒழிய வேண்டுமென்றனர். இவற்றோடு அவர்கள் கேட்ட மற்றொன்று, சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலிக்கு ஈடான கூலி.

இந்தக் கடைசிக் கோரிக்கையில் நின்று சிறிது சிந்திக்க வேண்டுகிறேன். சீனத் தொழிலாளர் என்ன கூலி பெற்றனர் என்பது தமிழ்த் தொழிலாளருக்கு எவ்வாறு தெரிந்தது? தோட்டத்துச் சுவர் மிக உயரமானது. தமிழர் லயம் வேறு, சீனர் கொங்சி வேறு. ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. ஒருவன் பெறுவது மற்றவனுக்குத் தெரியாதிருப்பதே முதலாளிக்கு லாபம். அந்தச் சுவரைத் தாண்டி ஒரு செய்தி வந்தது. வந்த செய்தி தமிழில் சொல்லப்பட்டது. சொல்லப்பட்டதும், தலைமுறையாகக் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். அவனை நிமிர்த்திய செய்தி அவனைப் பற்றியதன்று. அது சீனனைப் பற்றிய செய்தி. “நம்மவர் எத்தனை பேர்?” என்பதோடு நின்றிருந்தால் அச்செய்தி ஒருநாளும் அவன் காதுக்கு வந்திராது.

அவ்வாண்டு மே மாதம் நாதன் கைதுசெய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் திரண்டனர். இராணுவம் வரவழைக்கப்பட்டது, ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அரசாங்க ஏடுகளுக்கு அது கலகம். தோட்டத்து மக்களுக்கு அது போராட்டம். எந்தச் சொல் நிலைக்கிறது என்பது யார் மொழியில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. மொழிச் சமூகம் செய்தியின் அளவைக் கூட்டிக் குறைப்பதோடு நிற்பதில்லை. அதற்குப் பெயரிடும் உரிமையையும் எடுத்துக்கொள்கிறது.

சுதந்திரம் வந்தபின் சுவர் இடியுமென்று எதிர்பார்த்தோம். நடந்தது வேறு. ‘உத்துசான் மலாயு’ ஏட்டை ஆளும் மலாய்க் கட்சி தன் கைக்குள் கொண்டுவர முயன்றதை எதிர்த்து அதன் ஊழியர்கள் 1961-இல் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்து தோற்றனர். அதன்பின் கட்சிக்கொரு பத்திரிகை, மொழிக்கொரு கட்சி என்னும் நிலைமை படிப்படியாக உறுதிப்பட்டது. ஆங்கில ‘ஸ்டார்’ மலேசிய சீனர் சங்கத்தின் உடைமையாயிற்று. நம் ‘தமிழ் நேசன்’ ம.இ.கா. தலைவர் ஒருவரின் குடும்பத்தார் கையில் நெடுங்காலம் இருந்து, 2019 தொடக்கத்தில் நின்றுபோயிற்று. 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஏடும் ஆண்டுதோறும் அனுமதிக்காகக் கைகட்டி நிற்கவேண்டியிருந்தது. அந்த ஆண்டுப் புதுப்பிப்பு 2012-இல்தான் ஒழிந்தது. 1987 அக்டோபரில் சீனப் பள்ளிகளின் நிர்வாகிகள் நியமனத்தைப் பற்றி மலாய் ஏடுகளும் சீன ஏடுகளும் எதிரெதிராகக் கொதித்திருந்த வேளையில், அரசாங்கம் ஆங்கிலத்தில் ‘ஸ்டார்’, சீனத்தில் ‘சின் சியூ’, மலாயில் ‘வத்தான்’ ஆகிய மூன்றின் அனுமதியையும் ஒரே நேரத்தில் பறித்தது. தமிழுக்கு அந்தப் பெருமை கிட்டவில்லை. நம்மைப் பார்த்து யாரும் அஞ்சவில்லை போலும்!

இந்நிலையில் பத்திராதிபர் கற்றுக்கொண்ட பாடம் எளிது. பிற சமூகத்தாரின் விஷயத்தைத் தொட்டால் ஆபத்து. தன் சமூகத்தாரின் விஷயத்தைத் தொடாவிட்டால் விற்பனை இல்லை. ஆதலால் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்குள் இருந்துகொண்டு தத்தம் மொழியில் முணுமுணுத்தனர். பக்கத்து வீட்டாருக்குக் கேட்காதென்னும் தைரியத்தில், பொதுவிடத்தில் சொல்லக் கூசும் சொற்களும் அம்முணுமுணுப்பில் கலந்தன.

அதன் பயனைக் கண்ட இரண்டு சந்தர்ப்பங்களைக் கூறுவேன். 2001 மார்ச் மாதம் பெட்டாலிங் ஜெயாவை அடுத்த கம்போங் மேடான் பகுதியில் ஒரு கல்யாண வீடும் ஒரு சாவு வீடும் அருகருகே இருந்ததில் எழுந்த சச்சரவு வளர்ந்து, சில நாள்களில் ஆறு பேர் கொல்லப்பட்டனர். காயமுற்றவர்களில் மிகப் பலர் இந்தியர். பெரிய பத்திரிகைகள் நாட்டமைதியை உத்தேசித்து மிக அடக்கமாக எழுதின. அச்சில் இல்லாததை வாய்கள் நிரப்பின. தமிழர் வீட்டில் ஒரு வதந்தி, மலாய்க்காரர் வீட்டில் அதற்கு நேர்மாறான மற்றொரு வதந்தி. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்டு, இது மெய், இது பொய் என்று சொல்ல இரு மொழியிலும் நம்பகமான ஓர் ஏடு இல்லை. பின்னர் அந்நிகழ்ச்சியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட ‘மார்ச் 8’ என்னும் நூலை அரசாங்கம் தடைசெய்தது. தமிழன் தமிழனுக்குள் பேசிக்கொண்டது என்றாலும் தடை. மலாய்க்காரருக்கோ அப்படி ஒரு நூல் வந்ததே தெரியாது.

மற்றொன்று 2018 நவம்பர் 26, 27-ஆம் நாள்களில் சுபாங் ஜெயாவில் நடந்தது. சீபீல்ட் தோட்டத்தில் நூறாண்டுக்கு மேலாக இருந்த மாரியம்மன் ஆலயத்தை இடம் மாற்றுவது குறித்த வழக்கில், இரவோடிரவாக ஆட்கள் ஆலயத்துள் புகுந்து தாக்கினர். மறுநாள் இரவு அங்கு மூண்ட கலவரத்தில், எரியும் வாகனங்களை அணைக்கச் சென்ற மலாய் இளைஞரான தீயணைப்பு வீரர் ஒருவர் படுகாயமுற்று, டிசம்பர் 17-ஆம் நாள் உயிர்நீத்தார். 2019-இல் மரண விசாரணை மன்றம், அடையாளம் தெரியாத இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் செயலால் அச்சாவு நேர்ந்ததென்று கூறிற்று.

இந்த இரண்டு இரவுகளில் முதல் இரவு தமிழர் நெஞ்சில் நின்றது. இரண்டாம் இரவு மலாய்க்காரர் நெஞ்சில் நின்றது. தமிழ் மட்டும் படித்தவருக்கு, தோட்டம் போய், லயம் போய், கடைசியாக எஞ்சிய ஆலயமும் நள்ளிரவில் தாக்கப்பட்ட கதை அது. அவரிடம் அந்த இளைஞனைப் பற்றிக் கேட்டால், “ஆமாம், பாவம்” என்பார். அதற்கு மேல் விவரம் தெரியாது. மலாய் மட்டும் படித்தவருக்கு, தன் கடமையைச் செய்யப்போன ஒரு பிள்ளை வீடு திரும்பாத கதை அது. அவரிடம் முதல் இரவைப் பற்றிக் கேட்டால், “ஏதோ கோயில் தகராறு” என்பார். இரு சாரார் படித்தவற்றிலும் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். பத்திரிகைப் பொய்யென்றால் நடவாததை நடந்ததாக எழுதுவது என்று நாம் பள்ளியில் கற்றோம். நடந்தவற்றுள் பாதியை மட்டும், அதுவும் உண்மையாகவே எழுதி, ஒரு சமூகம் முழுவதையும் பொய்யில் வாழச் செய்யலாம் என்பதை எந்தப் பள்ளியிலும் கற்பிக்கவில்லை. அப்பாதியை எழுதிய நிருபர் உண்மையே எழுதியிருப்பதால் எவரும் அவரைக் குறைகூற முடியாது. ஆயினும் குற்றம் நடந்துதான் இருக்கிறது.

“இதற்கெல்லாம் காரணம் பல மொழிகள் இருப்பதே, எல்லாரும் தேசிய மொழியிலோ ஆங்கிலத்திலோ படித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது” என்பாரும் உளர். இன்றைய இளைஞர் மூன்று மொழி அறிவர். சுங்கை பூலோ நிலையத்தில் காலையில் ரயிலேறிப் பாருங்கள். ஒரே பெட்டியில், தோளோடு தோள் உரச, எல்லாரும் கைப்பேசியைப் பார்த்தவண்ணம் நிற்கின்றனர். ஒவ்வொருவருக்கும் மலாய் படிக்கத் தெரியும். ஆனால் தமிழ்ப் பெண் பார்ப்பது அவள் உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை. சீனப் பையன் பார்ப்பது அவன் நண்பர் அனுப்பியதை. படிக்கத் தெரிவது வேறு, படிப்பது வேறு. பழைய ஒட்டுக்கடையிலாவது அடுத்தவன் பத்திரிகை மேசைமேல் விரிந்து கிடக்கும். மொழி தெரியாவிட்டாலும் படத்தையாவது எட்டிப் பார்ப்போம். இன்று அந்த எட்டிப் பார்த்தலும் போயிற்று.

மொழியறிவு மட்டும் போதாதென்பதற்குப் பிற நாடுகளும் சான்று. பெல்ஜியம் என்னும் சிறிய ஐரோப்பிய நாட்டில் டச்சு பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் பள்ளியில் ஒருவர் மொழியை மற்றவர் கற்க வாய்ப்புள்ளவர். செல்வமும் கல்வியும் மிக்கவர். எனினும் ஒவ்வொரு சாராரும் தத்தம் பத்திரிகை, தத்தம் ஒலிபரப்பு என்று பிரிந்து வாழ்கின்றனர். 2006 டிசம்பர் 13-ஆம் நாள் இரவு, பிரெஞ்சு மொழி அரசாங்கத் தொலைக்காட்சி, டச்சுப் பகுதியார் தனிநாடு அறிவித்துவிட்டனர் என்று ஒரு கற்பனைச் செய்தியை மெய்போல் ஒளிபரப்பிற்று. பார்த்தவர்களில் மிகப் பலர் நம்பிக் கலங்கினர். ஐம்பது மைலுக்கு அப்பால் உள்ள தம் நாட்டவர் உள்ளத்தில் என்ன இருக்கிறதென்று தெரிந்திருந்தால் அதனை நம்பியிருப்பார்களா? இலங்கையிலோ, கொழும்பு ‘லேக் ஹவுஸ்’ என்னும் ஒரே நிலையத்திலிருந்து சிங்களத்தில் ‘தினமின’வும் தமிழில் ‘தினகர’னும் ஆங்கிலத்தில் ‘டெய்லி நியூ’ஸும் வெளிவருகின்றன. முதலாளி ஒருவர், கட்டிடம் ஒன்று. அதனால் அந்நாட்டு மக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்களா என்பதை அங்கே உறவினரை இழந்த நம்மவரைக் கேட்டால் சொல்வர்.

ஆகவே குற்றம் மொழிகளின் பன்மையில் இல்லை. அந்த விரலிடமே திரும்பிச் செல்வோம். “நம்மவர்” என்று அது யாரைத் தேடுகிறது?

பட்டியலில் ஓர் அப்துல் காதர் இருந்தால் நம் விரல் நில்லாது போகிறது. அவர் வீட்டில் தமிழே பேசப்படலாம். பினாங்கிலும் கிள்ளானிலும் தமிழ் அச்சுத் தொழிலை வளர்த்தவர்களில் அவர் பாட்டனாரும் ஒருவராக இருக்கலாம். ஒரு மேரி இருந்தால் விரல் தயங்குகிறது. 2007 ஆகஸ்டில் ‘மக்கள் ஓசை’ ஏடு, இயேசுநாதர் ஒரு கையில் சிகரெட்டும் மறு கையில் மதுவும் ஏந்தியதாக ஒரு படத்தை வெளியிட்டு, மன்னிப்புக் கேட்டும் ஒரு மாதம் தடை செய்யப்பட்டது. அப்படம் புண்படுத்திய கிறிஸ்தவர்களுள் முன்வரிசையில் நின்றவர், அதே ஏட்டைக் காசு கொடுத்து வாங்கிய தமிழர்களே. தன் வாசகர் யாரென்பதே தெரியாமல் நம் ஏடு நம்மவருக்காக எழுதிக்கொண்டிருந்தது! இனி, தோட்டப்புறங்களில் தமிழ்த் தாய்மார் எடுத்து வளர்த்த சீனப் பெண் குழந்தைகளை நாம் அறிவோம். இலட்சுமி என்றும் அஞ்சலை என்றும் பெயரிட்டு, மஞ்சள் பூசி வளர்த்து, நம் வீட்டிலேயே மணமுடித்துக் கொடுத்த பெண்கள் அவர்கள். அவர்கள் பெயரில் விரல் நிற்கிறது. முகத்தைப் பார்த்திருந்தால் நின்றிருக்குமோ, தெரியாது.

நம்மவர் என்னும் வட்டம் அவ்வளவு திடமானதன்று. ஏடுகள் அதனைத் திடமாக்கிக் காட்டுகின்றன. காட்டுவதோடு, அவ்வட்டத்திற்குள்ளும் எல்லாருக்கும் இடம் கொடுப்பதில்லை. நம் தமிழ் ஏடுகளைப் புரட்டுங்கள். தலைவர் ஒருவருக்கு மாலையிடும் படம், அவரைப் பிடிக்காத மற்றொருவருக்கு மாலையிடும் படம், சென்னை நடிகையின் கல்யாணம், ஆலயத் திருவிழா அறிக்கை, நினைவஞ்சலி விளம்பரம். தோட்டம் விற்கப்பட்டு வீடிழந்தவன் செய்தி, அவன் வீட்டுக்கு அரசியல்வாதி ஒருவர் வந்து அரிசி மூட்டை கொடுத்தால் மட்டும் வருகிறது. கொடுப்பவர் முகம் தெளிவாகவும் பெறுபவன் முதுகு மட்டும் தெரியுமாறும். நான் மிகைப்படுத்துகிறேனென்று நினைப்பவர் ஒரு வாரத்து ஏடுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கட்டும். இதற்கு ஏடு நடத்துவோரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. விளம்பர வருவாய் மெலிந்து, ஐந்தாறு நிருபரை வைத்துக்கொண்டு ஒரு நாளிதழை நடத்துவது எத்தகைய பாடு என்பதை அறிவேன். நாம் வாங்குவதை அவர்கள் விற்கின்றனர்.

செய்யக்கூடியது என்னவென்று கேட்டால், எனக்குத் தெரிந்தது ஒன்றே, அது புதுமையானதுமன்று. தமிழ் ஏடு ஒவ்வொன்றும் நாள்தோறும் ஒரு பத்தியை, சீன ஏடும் மலாய் ஏடும் அன்று எதைப் பற்றிக் கவலைப்பட்டன என்பதைச் சொல்ல ஒதுக்கலாம். அமைச்சர் பேச்சை மொழிபெயர்ப்பது போலன்று; மீன்பிடிப்போர் ஏன் கோபமாயிருக்கின்றனர், சீனத் தனியார் பள்ளிக்கு ஏன் அம்மக்கள் ரத்தத்தைச் சிந்துவதுபோல் காசு தருகின்றனர், கம்பத்து மலாய்த் தாய் தன் மகன் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பவற்றை. மூன்று மொழி தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். அவர்களைக் கொண்டு ஆரம்பிக்கலாம். அவ்வாறே தோட்டத்து விஷயத்தை மலாயில், மலாய்க்காரர் படிக்கும் இடத்தில் எழுத வேண்டும். தமிழிலேயே நூறு முறை முறையிட்டுவிட்டு, “நாட்டில் யாரும் காது கொடுக்கவில்லை” என்று அழுவது, அடுப்பங்கரையில் நின்று கூப்பிட்டுவிட்டுத் தெருவில் போவோன் திரும்பவில்லையென்று வருந்துவது போலாகும். 1941-இல் சுவர் தாண்டி வந்த ஒரு செய்தியால் கூலி உயர்ந்ததென்றால், சுவர் தாண்டிப் போகும் செய்தியால் என்ன ஆகுமென்று ஒருமுறையேனும் பார்க்கவேண்டாமா?

இதை எழுத என்னைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சுங்கை பூலோவுக்குப் பெருமை சேர்த்தது இன்றைய பெரிய மருத்துவமனையன்று. அதன் அருகே 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பே. நோயாளியைச் சிறைக் கைதிபோல் அடைக்காமல், வீடும் தோட்டமும் பள்ளியும் தொழுகையிடங்களும் கொண்ட ஓர் ஊராக அமைக்கவேண்டுமென்று டாக்டர் டிராவர்ஸ் என்னும் வெள்ளையர் வாதாடியதன் பயனாக அது எழுந்தது. நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பெயர். சீனர் பெரும்பாலோர், மலாய்க்காரரும் தமிழரும் அவர்களோடு அங்கேயே வாழ்ந்து அங்கேயே மண்ணாயினர். வெளியே எந்தச் சமூகமும் அவர்களைத் தன்னவர் என்று ஏற்கவில்லை. பெற்ற பிள்ளையையும் பிரித்துக் கொடுத்தனர். “நம்மவர்” என்னும் சொல்லே அங்கு வேறு பொருள் கொண்டிருந்தது. 2007-இல் அக்குடியிருப்பின் கிழக்குப் பகுதியைப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்திற்காக இடித்தனர். குடியிருந்த முதியோர் சிலர் வீடிழந்தனர். பலர் எதிர்த்து எழுதினர், வாதாடினர். எஞ்சிய பகுதியேனும் காக்கப்பட வேண்டுமென்ற முயற்சி அதிலிருந்து வளர்ந்தது.

அந்நாளில் நான் அவ்விடத்திற்கு நான்கு மைல் தொலைவில் குடியிருந்தேன். நாள்தோறும் தமிழ் ஏடு படித்தேன். இச்செய்தி என் கண்ணில் படவேயில்லை. பட்டிருந்து, சீன முதியோர் பற்றியதென்று விரலைத் தள்ளிவிட்டேனோ என்னவோ. அதையும் மறுக்க என்னிடம் சான்றில்லை. பூச்செடி வாங்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்குடியிருப்பில் நாற்றுத்தோட்டம் வைத்திருந்த சீனர் ஒருவர்தாம் மலாயில் எனக்கு விஷயத்தைச் சொன்னார். சொல்லி, தம் சீனப் பத்திரிகையை எடுத்து விரித்தார். இடிந்த சுவரின் முன்னே ஒரு கிழவர், விரல்கள் மழுங்கிய கையை மடியில் வைத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு.

“உங்க ஆள்தான்,” என்றார் நாற்றுத்தோட்டக்காரர்.

படத்தின் கீழே அம்முதியவர் பெயர் சீன எழுத்தில் அச்சாகியிருந்தது. படிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். நான்கு ஓசைகள் வந்தன. முனியாண்டியா, முனுசாமியா, மணியமா என்று கேட்டேன். அவர் மறுபடியும் அதே நான்கு ஓசைகளைச் சொன்னார். என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்ன மூன்று பெயர்களும் அவர் காதுக்கு ஒன்றாகவே கேட்டன போலும். அந்த வீடு எந்தப் பக்கமென்று கேட்டுக்கொண்டு நடந்தேன். நான் போனபோது அங்கே செம்மண் மேடு மட்டும் இருந்தது.